ஆலெப்பும் அகரமும்

எழுத்து வரலாறு பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளிலும் சைவ மேடைச் சொற்பொழிவுகளிலும் ஒரு வாதம் பலகாலும் எடுத்தாளப்படுகின்றது. எபிரேயர்க்கு ஆலெப், கிரேக்கர்க்கு ஆல்பா, அரபியர்க்கு அலிப், உரோமர்க்கு ஆ என உலகத்து மக்கள் யாவரும் அகரத்தையே தத்தம் நெடுங்கணக்கின் தலைக்கண் வைத்தனர். ஆகலின் அகரம் எழுத்திற்கெல்லாம் முதலாதலும், அவ்வுவமையாற் கூறப்படும் இறைவன் உயிர்க்கெல்லாம் முதலாதலும் எல்லா மக்களானும் ஒப்பமுடிந்தனவாம் என்பது அவ்வாதம். ஆங்கிலேயர் 'ஆல்பபெட்' என்று வழங்கும் பெயரே அகரத்தின் தலைமைக்குச் சான்று என்பாரும் உளர். கேட்பார்க்கு இனிதாய் இருத்தலின் இவ்வாதம் ஆராயப்படாமலே கைமாறி வருகின்றது. சித்தாந்தப் பொருளொன்றற்கு அரணாக வைக்கப்பட்ட கூற்றுப் பொய்யாய்விடின், அவ்வரணைப் பிறர் தகர்க்குங்கால் பொருளும் தகர்ந்ததுபோற் தோன்றும். ஆதலின் ஆலெப் என்பது யாது, அஃது எவ்வாறு தலைநின்றது என்பது முதற்கண் காணற்பாலது.

ஆல்பபெட் என்னும் பெயர் கிரேக்க நெடுங்கணக்கின் முதலிரண்டு எழுத்துப் பெயர்களாகிய ஆல்பா, பீட்டா என்பன இணைந்து ஆயது. பண்டைக் கிரேக்கர் தம் எழுத்துக்களைக் 'கிராம்மத' என்றே பெரும்பாலும் வழங்கினர். முதலிரண்டு பெயரையும் கூட்டித் தொகுதிக்குப் பெயராக்கிய வழக்கு, கி.பி. 420-இல் மறைந்த ஜெரோம் முதலிய கிறித்தவ ஆசிரியர்தம் இலத்தீன் நூல்களிற் காணப்படுவது. எனவே தொகுதியின் பெயர் பிற்பட்டது. அதன் உறுப்பாகிய தனியெழுத்துப் பெயர்களே பழையன.

அத்தனிப் பெயர்களை நோக்குமிடத்து ஒரு புதுமை புலனாகும். ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்பவற்றிற்கு எழுத்தின் பெயராதலன்றிக் கிரேக்க மொழியில் வேறு பொருளில்லை. வடசெமித்திய மொழிகளிலோ ஆலெப் என்பது எருது, பெத் என்பது வீடு, தாலெத் கதவு, யோத் கை, மேம் நீர், அயின் கண், ரேஷ் தலை. பெயருக்குப் பொருளுடைய மொழி கொடுத்தது, பொருளில்லாத மொழி கொண்டது என்பது தேற்றம். கிரேக்கர் இதனை மறைத்தாருமல்லர். கி.மு. 5-ஆம் நூற்றாண்டினராகிய எரொதோதசு தம் வரலாற்று நூலின் ஐந்தாம் பகுதியுள், கத்மசு என்பானோடு போந்த பினீசியரே எழுத்தைக் கிரேக்கர்க்குக் கொணர்ந்தனர் என்றும், அயோனியர் அவற்றைப் பினீசிய எழுத்து என்றே அழைத்தனர் என்றும் கூறினார். அந்நூற்றாண்டின் முற்பகுதியில் தியோசு நகரத்தார் பொறித்த சாபக் கல்வெட்டொன்றும் எழுத்துக்களை அப்பெயராற் சுட்டுகின்றது. கல்லும் நூலும் ஒத்து நிற்றலின் இது வெறுங்கதை அன்று.

ஆயினும் எரொதோதசு கூறியன யாவும் ஒருபடித்தாகக் கொள்ளத்தக்கன அல்ல. தீப்சு நகரத்து அப்பல்லோ கோயிலில் முக்காலிகள் சிலவற்றின்மேற் கத்மசு காலத்தெழுத்தைத் தாமே கண்டதாகவும், அவை பெரும்பாலும் அயோனிய எழுத்தைப் போன்றிருந்தனவாகவும் அவர் எழுதினார். பல தலைமுறைக்கு முற்பட்ட எழுத்து, அவர் காலத்தெழுத்தைப் பெரும்பாலும் ஒத்திருத்தல் யாங்ஙனம்? கோயிலார் பிற்காலத்தே பொறித்து வைத்தவற்றைப் பழமையெனக் காட்ட, வந்தவர் அதனை நம்பினார் என்பதே பொருந்தும். தலபுராணங்களின் காலம் வரையறுக்க முயன்றார்க்கு இவ்விடர் புதியதன்று. எழுத்தின் வரவு பற்றிய செய்தி மெய். அதற்குக் காட்டிய பொருட்சான்று பொய். இரண்டும் ஒருவர் வாயினின்றே வருதல் கூடும் என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

பினீசியர் தாமே இவ்வெழுத்தைப் படைத்தனரோ எனின், அன்று. சினாய் நாட்டின் தென்மேற்கில் செராபித் எல்-காதிம் என்னுமிடத்தே எகிப்திய அரசர் பசுநீலக்கல் அகழ்வித்த சுரங்கங்களும், ஆத்தோர் என்னும் பெண்தெய்வத்தின் கோயிலும் உள்ளன. 1905-இல் பிளிண்டர்சு பெட்ரி ஆண்டு அகழ்ந்தபொழுது, எகிப்திய எழுத்தைப் போன்றும் எகிப்திய மொழியாகப் படிக்கவொண்ணாதும் இருந்த சில பொறிப்புக்களைக் கண்டார். வடிவங்கள் முப்பதினும் குறைந்தன. ஆகலின் அவை சொல்லெழுத்தாதல் இயலாது, ஒலியெழுத்தாதல் வேண்டும். 1916-இல் ஆலன் கார்டினர், அவற்றுள் வீடு, கண், வளைகோல், குறுக்குக்கோடு என்னும் நான்கு வடிவங்கள் அம்முறையே மீண்டும் மீண்டும் வருதலை நோக்கினார். வீட்டிற்குச் செமித்தியப் பெயர் பெத், அதன் முதலொலி ப. கண்ணிற்கு அயின், அதன் முதலொலி மிடற்றொலி. வளைகோல் லாமெத், முதலொலி ல. குறுக்குக்கோடு தாவ், முதலொலி த. கூட்டிப் படிக்கப் 'பஅலத்' ஆயிற்று. அச்சொற்குத் தலைவி என்பது பொருள். ஆத்தோரைச் செமித்தியர் வழங்கிய பெயரும் அதுவே. கோயிலிற் கிடைத்த மணற்கல் உருவொன்றில் எகிப்திய எழுத்தில் ஆத்தோரின் பெயரும், இப்புதிய எழுத்தில் பஅலத் என்பதும் ஒருங்கே பொறிக்கப்பட்டிருத்தல் இப்படிப்பிற்கு அரணாயிற்று.

இதன்கண் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எகிப்தியர் அலைவடிவத்தை நகர ஒலிக்கு வழங்கினர். சினாய்ப் பொறிப்பினரோ அதனையே மகரத்திற்கு வைத்தனர், தம் மொழியில் நீருக்கு மேம் என்பது பெயராதலின். வீட்டு வடிவத்தை எகிப்தியர் 'பர்' என்று படித்தனர். இவர் பெத் என்று படித்தனர். ஆகவே வடிவம் எகிப்தியருடையது, ஒலி பிறமொழியது. எகிப்திய எழுத்தை முறையாகக் கற்றவர் இவ்வாறு செய்யார். சுரங்கத்திற் கூலிக்கும் காவற்கும் வந்தோர், கண்ணெதிரே கோயிற் சுவரில் நின்ற வடிவங்களுக்குத் தத்தம் வீட்டுமொழியாற் பெயரிட்டு, அப்பெயரின் முதலொலியை எடுத்துக்கொண்டனர் என்று கருத இடமுண்டு. எழுத்துப் பெயர்கள் பிற்காலத்துச் சிறார் நினைவுக்கென இடப்பட்டனவேயன்றி வடிவத்தோடு இயைபுடையன அல்ல என்று மறுப்பார் சிலர் இருந்தனர். கதவு முதலாகச் சில பெயர்க்கண் அம்மறுப்பு இடம்பெறுமாயினும், நீர், கண், தலை, எருது என்பவற்றின்கண் பழைய வடிவமும் பெயரும் ஒத்து நிற்றலின் அது முழுதும் செல்லாது.

கார்டினரின் படிப்புள் ஐயமற நிலைபெற்றது பஅலத் என்னும் ஒருசொல்லும் அதனைச் சார்ந்த சிலவுமே. எஞ்சியவற்றை ஒவ்வொருவர் ஒவ்வொருவாறு படித்தனர். 1923-இல் செர்மானியப் பேராசிரியர் ஊபர்ட் கிரிம்மெ அச்சிதைந்த கற்களில் மோசேயின் பெயரையே கண்டதாக எழுதினார். கல்லின் வெடிப்பும் கீறலும் எழுத்தாகக் கொள்ளப்பட்டன என்று பிறர் காட்ட, அப்படிப்பு வீழ்ந்தது. தம் சமயநூலின் பெரியார் பெயரைக் கல்லிற் காணவேண்டும் என்னும் வேட்கை கற்றாரையும் எத்துணை தூரம் ஈர்த்துச் செல்லும் என்பதற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

பின்னர் வெளிவந்த சான்றுகள் இவ்வெழுத்தின் பழமையை மேலும் உயர்த்தின. தீப்சிற்கு வடமேற்கே பாலைவழியில் வாதி எல்-ஓல் என்னுமிடத்துப் பாறைமேல் இவ்வகையெழுத்து இரண்டு வரிகளாகக் காணப்பட்டு 2005-இல் வெளியிடப்பட்டது. அதன் காலம் ஏறத்தாழக் கி.மு. 1850 என்பர். இலாக்கீசு நகர அகழ்வில் 2016-இற் கிடைத்த தந்தச் சீப்பொன்றின்மேல் 17 எழுத்துக்கள் உளவென்பது 2021-இல் அறியப்பட்டு அடுத்த ஆண்டு வெளிவந்தது. தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை அச்சீப்புக் களைவதாக என்பது அதன் கருத்து. அரசர் புகழும் அன்று, தெய்வத்துதியும் அன்று!

இனி, முறை வைப்பு. வாதத்தின் உயிர்நிலை இதுவே. எழுத்துக்கள் ஆலெப், பெத் எனத் தொடங்கி வரிசைப்பட்டமைக்குத் தொன்மையான சான்று சிரியக் கடற்கரையிலுள்ள உகாரித்து நகரிற் கிடைத்தது. 1929 முதல் ஆண்டு அகழப்பட்ட களிமண் ஏடுகள் ஆப்பெழுத்துப் போன்ற வடிவில் 30 எழுத்துடைய ஒரு நெடுங்கணக்கைக் கொண்டன. 1930-இல் ஆன்சு பவர், எதுவார் தோர்ம், சார்லசு விரொல்லோ என்பார் அதனைப் படித்தறிந்தனர். மாணாக்கர் வரிசையாக எழுதிய ஏடுகளும் அவற்றோடு கிடைத்தன. அவ்வரிசை, எபிரேயர் பின்னர் வழங்கிய 22 எழுத்தின் வரிசையைத் தன்னுள் அடக்கி, இடையிடையே வேறு ஐந்தெழுத்தும் உடையதாய்த் தகரத்தில் முடிகின்றது. அதன்பின் மூன்றெழுத்துக்கள் இறுதியிற் சேர்க்கப்பட்டுள. கி.மு. 13-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வரிசை நிலைபெற்றுவிட்டது என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் அதே உகாரித்தில் 1988-இற் கிடைத்த பிறிதோர் ஏடு, ஹ, ல, ஹ, ம எனத் தொடங்கும் வேறோர் வரிசையை உடையது. (ஈண்டு ஹகரம் இரண்டும் தமிழெழுத்தான் வேறுபடுத்திக் காட்டவியலாத இருவேறு ஒலிகள்.) தென்னரபிய நாட்டுப் பழங்கல்வெட்டெழுத்தின் வரிசையும் அதுவே. எத்தியோப்பியர் தம் நெடுங்கணக்கை அம்மரபிலேயே இன்றும் ஓதுகின்றனர். அவ்வோத்தில் ஆலெப்பிற்கு ஒப்பாகிய எழுத்து 13-ஆம் இடத்தது. வடவைரோப்பியரின் உரூனிக எழுத்து பகரத்தை ஒத்த இதழுரசொலியில் தொடங்கி அகரத்தை நான்காவதாக வைத்தது. அயர்லாந்தினரின் ஓகம் எழுத்தோ பகரத்தில் தொடங்குகின்றது. எனவே எல்லா மக்களும் அகரத்தை முதலில் வைத்தனர் என்னும் முதற்கூற்று உண்மையன்று.

வைத்தவரேனும் அகரத்தை வைத்தனரோ எனின், அதுவும் இல்லை. ஆலெப் என்பது உயிரெழுத்தே அன்று. மிடற்றைக் கணப்பொழுது அடைத்துத் திறத்தலாற் பிறக்கும் ஓர் ஒற்றொலிக்கு அது குறி. செமித்தியரின் பழைய எழுத்தில் உயிர்க்குறியே இல்லை, 22-உம் மெய்யே. உகாரித்தியர் ஒருவரே ஆலெப்பை அ, இ, உ என்னும் மூன்று உயிரோடு தனித்தனி எழுத மூன்று குறிகள் வகுத்தனர். அங்கும் முதலிடத்து நின்றது மெய்யோடு கூடிய அகரமேயன்றித் தனியுயிர் அன்று. ஏனையிரண்டும் இறுதியிற் சென்று ஒட்டின. கிரேக்கர் பினீசியரிடம் எழுத்தை ஏற்றபொழுது, ஆலெப்பின் மிடற்றடைப்பொலி தம் மொழியிற் பயின்று வாராமையின் அவ்வடிவம் வாளா நின்றது. அதனை ஆ என்னும் உயிர்க்கும், அவ்வாறே ஹே, யோத், அயின் என்பவற்றை எ, இ, ஒ என்பவற்றிற்கும் அவர் கொண்டனர். எழுத்து வரலாற்றில் இதனிற் பெரிய மாற்றம் சிலவே. அதனால் நேர்ந்த விளைவொன்று, எருதின் தலையிற் பிறந்த மெய்யொன்று யாரும் கருதாமலே உயிராய், முன்னர்த் தான் நின்ற முதலிடத்தே நின்றுவிட்டமை. ஆல்பா தலைநின்றது அகரத்தின் சிறப்பு நோக்கி அன்று. எருது ஏன் முதலில் வைக்கப்பட்டது என்பதற்கோ யாண்டும் விடையில்லை. உழவர்க்கு எருது தலையாயது என்பாரின் கூற்று, அதனை அடுத்து வீடும் பின்னர்க் கதவும் வருதலைக் கண்டு புனைந்த அழகேயாம்.

தமிழ் நெடுங்கணக்கின் நிலை இதனின் முற்றும் வேறு. இதன் எழுத்துக்கட்குப் பொருட்பெயர் இல்லை. ஒலியே பெயர், அதனைச் சுட்டிக் கூறுதற்கு ஒரு சாரியை. காரம், கரம், கான் என மூன்று சாரியையைத் தொல்காப்பியர் புணரியலுள் வகுத்து, கரமும் கானும் நெட்டெழுத்திற்கு ஆகாவென்றும், குற்றெழுத்து மூன்றும் பெறுமென்றும், ஐகார ஔகாரம் கானொடும் வருமென்றும் வரையறை செய்தார். அகரம் என்னும் பெயர் அகரத்தையன்றி வேறொன்றையும் உணர்த்தாது. ஆலெப் என்னும் பெயர் எழுத்தை உணர்த்தும்பொழுதே எருதையும் உணர்த்தும். வைப்பு முறையும் அவ்வாறே. உயிர் முன்னும் மெய் பின்னும், மெய்யுள் மிடற்றினின்று இதழ்நோக்கி வரும் வருக்கமும் என ஒலிப்பிறப்பு நோக்கிய அறிவு அதன்கண் விளங்குகின்றது. செமித்திய வரிசையில் பெத்தின் பின் கிமெலும் அதன்பின் தாலெத்தும் வருதற்கு ஒலிநூலான் ஒரு காரணமும் காட்டவியலாது. கி.மு. முதலாயிரத்தில் இந்திய நாட்டிற் பரந்த பிராமி எழுத்தின் வடிவங்கள் செமித்திய வடிவங்களினின்று பெறப்பட்டன என்று 1895-இல் பூலர் விரித்தெழுதினார். அதனை உடன்படுவாரும் மறுப்பாரும் உளர். வடிவம் எங்கிருந்து வரினும் வருக, வைப்பு இந்நாட்டதே.

இவ்விடத்துத் தமிழாசிரியர்க்கு உவப்பில்லாத ஒன்றையும் கூறாதொழிதல் நேர்மையன்று. ய, ர, ல, வ என்பவற்றின்பின் ழ, ள, ற, ன என்னும் நான்கும் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்றற்குக் காரணம் என்னை? நச்சினார்க்கினியர், அகரம் தானும் இயங்கி மெய்களையும் இயக்குஞ் சிறப்பான் முதற்கண் வைக்கப்பட்டது என்றும், வீடுபேற்றிற்குரிய ஆண்மகனை உணர்த்துஞ் சிறப்பான் னகரம் இறுதிக்கண் வைக்கப்பட்டது என்றும் கூறினார். முன்னையது ஒலியியல்பு பற்றிய காரணம், நிற்கும். பின்னையது கற்பார் உளங்கொள உரைத்த நயம். னகரம் ஆண்பாலை உணர்த்துதல் ஈற்று விகுதியாங்கால் மட்டுமே. இனி வீடு ஆண்மகற்கே உரித்தென்பதும் காரைக்காலம்மையாரைப் போற்றும் சைவர்க்கு ஒவ்வாது. அன்றியும் அக்காரணம் னகரம் ஒன்றற்கே அமையும். ழ, ள, ற என்பவை அதன் அயலில் நிற்பானேன்?

தொல்காப்பியர் பிறப்பியலுள் றகர னகரங்களைத் தகர நகரங்களின்பின்னும் பகர மகரங்களின் முன்னும் வைத்து ஓதினார். ஒலி நோக்கின் அவற்றிற்கு உரிய இடம் அதுவே என்பது அவர்க்குத் தெரியும். தெரிந்தும் நெடுங்கணக்கில் னகரத்தையே இறுதியெழுத்தாகக் கூறினார். முன்பே ஓதிப் பழகிய ஒரு வரிசையை அவர் கைக்கொண்டமையே காரணமாதல் வேண்டும். வடமொழி வருக்க வைப்பினுள் இந்நான்கற்கும் இடமில்லை. அவ்வைப்பைத் தழுவியபொழுது தமிழுக்கே வேண்டிய ஒலிகள் ஈற்றிற் சேர்க்கப்பட்டன எனக் கொள்ளின் எல்லாம் நேராகும். உகாரித்தியர் மூன்றெழுத்தை இறுதியிற் சேர்த்ததும், கிரேக்கர் தகரத்தின்பின் தாம் புதிதாகக் கண்டவற்றைச் சேர்த்து ஓமெகாவில் முடித்ததும், உரோமர் கிரேக்கச் சொற்களின் பொருட்டு இரண்டெழுத்தைக் கடைசியில் இட்டதும் ஒரே வழக்கு. மனப்பாடமான வரிசையின் நடுவே கைவைக்க எவரும் துணியார்.

எகர ஒகரக் குறில்கள் ஏகார ஓகாரங்களின் முன் இடைப்புகுந்தனவே எனின், அவை நெட்டெழுத்தின் இணையாய் வந்தமையின் ஓதும் சந்தம் அவற்றிற்கு இடந்தந்தது. ற, ன என்பவற்றை வருக்கத்தின் நடுவிற் புகுத்தின் அச்சந்தம் குலையும். வைப்பு வடபுலத்ததாயினும் இதனால் தமிழ்க்கு வரும் இழுக்கு யாதும் இல்லை. பாண்டிநாட்டு மலைக்குகைப் பொறிப்புக்களின் மொழி தமிழே என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் துணிதற்குத் துணைநின்றவை இவ்விறுதி நின்ற எழுத்துக்களே.

நெடுங்கணக்கிற்கு வழங்கும் பெயர்களும் இவ்வரலாற்றுக்குக் கரி. ஏட்டின் தலைப்பில் எழுதப்பட்ட வாழ்த்தின் முதற்சொல்லாகிய 'அரி' என்பதனால் அரிச்சுவடி என்னும் பெயர் போந்தது என்பர். அவ்வாழ்த்தின் இறுதிச்சொல் 'சித்தம்'. கி.பி. 671-இற் கடல்வழியாகப் புறப்பட்டு இந்நாடு போந்த சீனத்துறவி இ-சிங், இந்தியச் சிறார் ஆறாம் ஆண்டில் சித்தம் என்னும் சுவடியைத் தொடங்கி ஆறு திங்களில் முடிப்பர் என்று எழுதினார். அந்நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர் எழுத்து வரிசையிற் பாட்டின் முதல்கள் அமையப் பாடிய பதிகம் சித்தத்தொகைத் திருக்குறுந்தொகை எனப் பெயர்பெற்றமையின் பொருத்தம் இப்பொழுது விளங்கும்.

இனி, அகரவுவமை. திருக்குறளினும் திருவருட்பயனினும் அவ்வுவமை நிற்பது உலகத்தார் வரிசைகளின்மேல் அன்று. வாயைத் திறந்த அளவிலே நாவும் இதழும் தொழிற்படாமற் பிறப்பது அகரம்; ஏனையெழுத்துக்கள் ஒலிக்குங்கால் அத்திறப்பு அவற்றுட் கலந்து நிற்கும்; கலந்து நின்றும் தன்னியல்பு திரியாது. இது வாயுள்ள எவரும் தம்மிடத்தே கண்டு தெளியத்தக்கது. ஆலெப் மிடற்றை அடைத்துப் பிறப்பது; அகரம் மிடற்றையும் வாயையும் திறந்து பிறப்பது. அடைப்பையும் திறப்பையும் ஒன்றென்று காட்டி உவமைக்கு அரண் செய்தல், உவமையின் உயிரையே மறத்தலாம். 'ஆல்பாவும் ஓமெகாவும் நான்' என்னும் கிறித்தவ வேதத் தொடரை இதனோடு இணைத்துப் பேசுவாரும் அது முதலும் முடிவும் என்னும் வரிசைப்பொருட்டு என்பதை நோக்குக. ஓமெகா கிரேக்கர் பின்னர்ச் சேர்த்த எழுத்தாகலின் எபிரேய வரிசையில் அத்தொடர்க்கு இடமே இல்லை, ஆண்டு இறுதி தாவ். சித்தாந்தம் கூறும் அகரமோ வரிசையின் ஒரு முனை அன்று. ஒவ்வோர் எழுத்தினுள்ளும் நிற்பது. அப்பரது சித்தத்தொகையில் மொழிமுதலாக அரிதின் வரும் ஙகரத்திற்கும் ஒரு பாட்டு உண்டு. அந்த ஙகரத்தை ஒலிக்கத் திறக்கும் வாயிலும் அகரமே முன்னிற்கின்றது.